ஒரே நாளில் கண்ணாடி ஊதக் கற்றுக்கொள்ள முடியுமா?

3 பிப்ரவரி 2024, வாசகர் கேள்வி

நான் மலேசியாவில், கெடா மாநிலத்தின் பீடோங்கில் வசிக்கிறேன். ஒரு நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்குப் போனால், மாலை ஐந்து மணிக்குள் கண்ணாடியை உருக்கவும் ஊதவும் கற்றுக்கொண்டு, சொந்தக் கையால் செய்த குவளையோடு வீடு திரும்பலாம் என்று போட்டிருக்கிறார்கள். கட்டணம் 450 வெள்ளி. அதை முடித்துவிட்டு வந்து, எங்கள் பழைய லயத்து வீட்டின் பின்கட்டில் ஓர் உலையை வைத்து, காலிப் போத்தல்களை உருக்கித் தொழிலாகவே செய்யலாம் என்பது என் திட்டம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

3 பிப்ரவரி, இரவு 9.15

ஒரு நாளில் ஊதிப் பார்க்கலாம், கற்றுக்கொள்ள முடியாது. அதற்காகப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், தம்பி, பணம் கட்டுவதற்கு முன்பு அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: செய்த குவளை எத்தனை மணி நேரம் ஆற்றும் பெட்டியில் இருக்கும்?

ஊதி முடித்த கண்ணாடியைத் திறந்த வெளியில் வைத்தால், மேற்பரப்பு முதலில் இறுகிவிடும், உட்பகுதி பின்னால் சுருங்கும், அந்த இழுபறி அப்படியே உள்ளே சிக்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தான், சாதாரணச் சோடாக் கண்ணாடியைச் சுமார் 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள பெட்டிக்குள் வைத்து, அங்கிருந்து மெல்ல மெல்ல இறக்குகிறார்கள். கைக்கு அடங்கிய குவளைக்கே பொதுவாக ஓர் இரவு ஆகும். அடி தடித்த பொருளென்றால் இன்னும் கூடும். காலையில் ஊதி மாலையில் கையில் கொடுக்கிறார்கள் என்றால், ஒன்று அது வேறொரு நாள் செய்த குவளையாக இருக்க வேண்டும், அல்லது அவசரமாக ஆற்றிய குவளையாக இருக்க வேண்டும். ஒழுங்கான பட்டறையில், "நாளை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள், அல்லது அஞ்சலில் அனுப்புவார்கள்.

4 பிப்ரவரி, காலை

எனக்கு இதில் என்ன தெரியும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நான் செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிழிந்த நாரில் எவ்வளவு எண்ணெய் வீணாகத் தங்குகிறது என்று பார்க்க, சாக்ஸ்லெட் என்னும் கண்ணாடிக் கருவியைப் பயன்படுத்துவோம். அதன் பக்கக்குழாய் உடைவதற்கென்றே பிறந்தது. அப்படி உடைந்ததை ஒட்டித் தரும் ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கைவினைஞர் ஒருவரின் வேலையை வேடிக்கை பார்க்கப் போய்த்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பிறகு, இங்கிலாந்தில் தாதியாக இருக்கும் மகளைப் பார்க்கப் போன இடத்தில், ஸ்டூர்பிரிட்ஜ் பக்கம் ஒரு சிறு பட்டறையில் ஒரு நாள் பயிற்சிக்கு அவளே பெயர் கொடுத்துவிட்டாள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து கண்ணாடி செய்யும் வட்டாரம் அது. நிலக்கரியும் சூடு தாங்கும் களிமண்ணும் அங்கேயே கிடைத்ததால், பிரான்சின் லொரேன் பகுதியிலிருந்து வந்த கண்ணாடிக்காரர்கள் அங்கே தங்கிவிட்டார்கள்.

ஆலையில் பாய்லர் பக்கம் போய்வந்து பழகியவள் என்பதால், சூடு எனக்குப் புதிதல்ல என்ற துணிச்சலோடுதான் போனேன். உலையின் சிறு கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்த சூடு வேறு வகையைச் சேர்ந்தது. உள்ளே சுமார் 1,100 டிகிரி. மூசை என்னும் உருக்கும் பானையில் கண்ணாடி இருக்கிறது என்பதே முதலில் தெரியவில்லை. சுவரும் கண்ணாடியும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் எரிவதால், குழலின் நுனி தொட்டு ஒரு வளையம் எழும்பும்போதுதான் பரப்பு எங்கே என்று புரிகிறது.

குழல் என்பது ஏறக்குறைய என் நெஞ்சுயர இரும்புக் குழாய். அதன் நுனியை முன்கூட்டியே மங்கிய சிவப்பாகச் சூடேற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் கண்ணாடி அதில் பிடிக்காது. நுனியை உள்ளே விட்டு, சுருட்டிக்கொண்டே எடுக்க வேண்டும். எடுத்த கணத்திலிருந்து சுழற்றுவதை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். அதிரசத்துக்குப் பாகு வைத்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: பதம் என்பது சில நொடிகளில் வந்து போய்விடும், அதற்கு முன்னும் ஆகாது, பின்னும் ஆகாது. கண்ணாடிக்கோ ஒவ்வொரு முறையும் மறுசூடு உலைக்குள் காட்டி, போன பதத்தைத் திரும்ப வரவழைக்கலாம். அந்தச் சலுகை மட்டும் இல்லாதிருந்தால், பட்டறையில் ஒருவர்கூட எதையும் செய்து முடித்திருக்க மாட்டோம்.

ஊதுவது எப்படி என்றால், பலூன் ஊதுவதுபோலக் கன்னம் புடைக்க ஊதுவதல்ல. குழலுக்குள் ஒரு சிறு மூச்சை விட்டு, உடனே வாயை எடுத்துக் கட்டைவிரலால் குழலின் துவாரத்தை அடைத்துவிட வேண்டும். உள்ளே அகப்பட்ட காற்று சூட்டில் விரிகிறது. ஓரிரு நொடி ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டு, எதிர்முனையில் கண்ணாடிக்குள் ஒரு பாசிமணி அளவு குமிழி தோன்றி விரியும். அந்தக் கட்டைவிரல் வேலையை நான் இன்றைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது செய்து பார்ப்பதுண்டு. மகள் சிரிப்பாள்.

4 பிப்ரவரி, மாலை

காலையில் எழுதியதில் முக்கியமான ஒன்றைச் சேர்க்க வேண்டும். அன்று நான் "செய்த" குவளையில் என் பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். ஊதியது நான். ஈரச் செய்தித்தாளை மடித்து உள்ளங்கையில் வைத்து, ஆவியும் கருகல் வாசனையும் கிளம்ப அடிப்பகுதியை உருட்டியதும் நான்தான் (பட்டறையில் மனத்துக்கு நெருக்கமாக இருந்த வேலை அதுவே, கண்ணாடிக்கும் கைக்கும் நடுவில் நனைந்த காகிதம் மட்டுமே இருக்கிறது). ஆனால் கழுத்தை இடுக்கியால் நெருக்கி வெட்டுக்கோடு போட்டதும், அடியில் பிடிக்கம்பியை ஒட்டி, கோட்டில் ஒரு சொட்டு நீர் விட்டு, குழலை ஒரு தட்டுத் தட்டிக் குவளையைக் கம்பிக்கு மாற்றியதும், வாயை விரித்ததும் பயிற்றுநர். நான் சுழற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எல்லா ஒரு நாள் பட்டறைகளும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அந்த இடமாற்றத்தைப் புதியவர் கையில் விட்டால், குவளை தரையில்தான் போய் நிற்கும்.

ஆகவே அந்த 450 வெள்ளிக்கு உங்களுக்குக் கிடைப்பது சுழற்றும் பழக்கமும் பதத்தைக் கண்ணால் அறியும் தொடக்கமும்தான். அதற்கு மேல் எதிர்பார்த்தால் மனக்குறைதான் மிஞ்சும்.

6 பிப்ரவரி

போத்தல் உருக்கும் திட்டத்துக்கு வருகிறேன். முடியாத காரியம் அல்ல. ஜப்பானின் ஒக்கினாவாவில், போருக்குப் பிறகு அமெரிக்கத் தளங்களில் குவிந்த குளிர்பான, பீர் போத்தல்களை உருக்கித்தான் இன்று பெயர்பெற்ற ரியூக்கியூ கண்ணாடியை வளர்த்தார்கள். அதில் நிறையக் குமிழிகள் இருக்கும், அதுவே பின்னாளில் அழகாக மதிக்கப்பட்டது. ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

போத்தல் கண்ணாடி இயந்திரத்துக்காகக் கலக்கப்பட்டது. அச்சில் விழுந்ததும் விரைவாக இறுக வேண்டும் என்பதே அதன் குணம். கையால் செய்கிறவருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான, நீண்ட நேரம் இளகி நிற்கும் கண்ணாடி. அடுத்து, கண்ட போத்தலையும் கலந்து போடக் கூடாது. ஒவ்வொன்றும் சூட்டில் விரியும் அளவு சற்றே மாறுபடும், ஒட்டும்போது ஒன்றும் தெரியாது, ஆறியபின் விரிசல் விடும். சன்னல் துண்டும் சமையலறைச் சூடு தாங்கும் பாத்திரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சூடு தாங்கும் பாத்திரங்கள் பலவற்றுக்குப் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடியின் விரிவு, சாதாரணக் கண்ணாடியினுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி. உருகிய கண்ணாடி உள்ள உலையை மாலையில் அணைத்துக் காலையில் மூட்ட முடியாது. மூசைக்குள் கண்ணாடி இறுகினால் மூசையே விரியும் என்பதால், பட்டறைகளில் இரவு பகலாக, மாதக்கணக்கில் எரியவிடுகிறார்கள். அந்த எரிவாயுச் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு, லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பலகைச் சுவரும் தகரக் கூரையும் உள்ள வரிசை வீட்டில் 1,100 டிகிரி உலை என்றால், தீமிதியைக்கூடக் கோவில் திடலில்தான் நடத்துகிறார்கள் என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

7 பிப்ரவரி

மண்ணிலிருந்தே தொடங்கினால் என்ன, கிந்தாப் பள்ளத்தாக்கின் பழைய ஈயலம்பங்களில் (வெள்ளீயச் சுரங்கங்களில்) வெள்ளை மணல் மலைமலையாகக் கிடக்கிறதே என்று ஈப்போவிலிருந்து ஒருவர் கேட்கிறார். ஈயம் எடுத்த பிறகு மிஞ்சிய மணலில் சிலிக்கா நிறைய உண்டு என்பது உண்மை. ஆனால் சிலிக்கா மட்டும் உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். சோடா சேர்த்தால் அந்தச் சூடு வெகுவாக இறங்குகிறது. சோடா மட்டும் சேர்த்தால் நீரில் கரைகிற கண்ணாடி கிடைக்கும், அதைத் தடுக்கச் சுண்ணாம்பு வேண்டும். உத்தேசமாக நூற்றுக்கு எழுபது சிலிக்கா, மீதியில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். மணலில் துளி இரும்பு இருந்தாலும் பச்சை ஓடும். இத்தனையையும் கலந்து உருக்கி, குமிழி போகத் தெளியவிடுவதற்கு, ஊதுகிற சூட்டைவிட மிகக் கூடுதலான சூடு தேவை. அதனால்தான் சிறு பட்டறைக்காரர்கள் ஆயத்தக் கண்ணாடிக் கட்டிகளை வாங்கி உருக்குகிறார்கள்.

8 பிப்ரவரி

கண்ணாடி ஒரு திரவம், பழைய தேவாலயச் சன்னல்கள் காலப்போக்கில் வழிந்து அடி தடித்திருப்பதே சான்று என்று எழுதியவருக்கு: இல்லை. அக்காலத்தில் கண்ணாடியை ஊதி, சுழற்றி, பெரிய தட்டாக விரித்து, அதிலிருந்து துண்டு வெட்டினார்கள். தட்டு ஒரே சீராக இருக்காது, நடுவை ஒட்டித் தடித்திருக்கும். பொருத்தியவர் தடித்த ஓரத்தைக் கீழே வைத்தால் கீழே தடிப்பு, மேலே வைத்தால் மேலே தடிப்பு. அறைச் சூட்டில் கண்ணாடி வழிவதில்லை.

11 பிப்ரவரி

மணல் பற்றி எழுதிய பிறகு ஒரு சங்கதி நினைவுக்கு வந்தது, தம்பிக்கு ஆறுதலாகவும் இருக்கும். இந்தப் பட்டறைப் பயிற்சி என்ற வழக்கமே புதியது. 1962 வரை கண்ணாடி ஊதுவது பெரும்பாலும் ஆலைக்குள் குழுவாகச் செய்யும் தொழிலாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் டொலிடோ கலைக்கூடத்தில், ஹார்வி லிட்டில்டன் என்ற மட்பாண்டக்கலைப் பேராசிரியர் சிறு உலை ஒன்றைக் கட்டி, கலைஞர்களுக்குப் பட்டறை நடத்தினார். அவர் மூசையில் போட்ட கலவை சரியாக உருகவில்லை. டொமினிக் லபினோ என்ற கண்ணாடித் தொழில்நுட்ப வல்லுநர் வந்து, கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிக்குண்டுகளை உருக்கச் சொன்ன பிறகுதான் அவர்களால் ஊத முடிந்தது. ஆயத்தக் கண்ணாடி வாங்குவது கௌரவக் குறைவு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த ஹார்வியின் தந்தை ஜெஸ்ஸி லிட்டில்டன், கோர்னிங் கண்ணாடி நிறுவனத்தில் இயற்பியலாளர். 1913ல் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த, பாதியாக அறுத்த மின்கலக் கண்ணாடிச் சாடியில் அவருடைய மனைவி பெஸ்ஸி கேக் சுட்டுக் காட்டினார். அந்த முயற்சிதான் 1915ல் சூடு தாங்கும் பைரெக்ஸ் பாத்திரமாகச் சந்தைக்கு வந்தது. வேலைக்காலம் முழுவதும் நான் பைரெக்ஸ் முகவைகளைக் கழுவியவள். அப்பாவின் கண்ணாடி என் வேலையில், மகனின் கண்ணாடி என் ஓய்வில் என்று ஆகிவிட்டது.

13 பிப்ரவரி

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், மாணவர்களுக்குக் காட்டும்படி நம் வட்டாரத்தில் இது தொடர்பாக ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார். டீச்சர், உங்கள் பள்ளியிலிருந்து கொஞ்ச தூரம் போனால் போதும்.

கோத்தா கோலமூடாவுக்கு அருகில் உள்ள சுங்கை மாஸில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடிப் பாசிமணி செய்ததற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். இந்தோ-பசிபிக் மணிகள் என்று அறிஞர்கள் சொல்லும் அந்த வகை, புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலும் பெருமளவில் செய்யப்பட்டது. தொல்லியலாளர் மோர்டிமர் வீலர் 1945ல் அகழ்ந்த அதே அரிக்கமேடுதான். பருக்கை அளவே உள்ள மணிகள், செங்கல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு நிறங்களில். அந்த ஒளிபுகாச் சிவப்புக்குக் காரணம் செம்பு. காற்றோட்டம் குறைந்த உலையில் உருக்கினால் செம்பு சிவப்பைத் தரும், காற்று தாராளமாகப் பட்டால் அதே செம்பு நீலப்பச்சைக்குப் போய்விடும்.

அவற்றை ஒவ்வொன்றாகச் செய்யவில்லை. உருகிய கண்ணாடித் திரளுக்கு நடுவே காற்றுத் துளை இருக்கும்படி அமைத்து, அதிலிருந்து நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, குழாயைப் பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்கி முனை மழுங்கச் செய்வார்கள். சாம்பல் துளைக்குள் புகுந்துகொள்வதால், துளை அடைபடாது. ஆந்திராவில் திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம்வரை தொடர்ந்திருக்கிறது. இழுக்கும் ஆள் வேகமாக இழுத்துக்கொண்டே இருக்க, குழாய் அவர் கைகளுக்கு இடையில் நீண்டுகொண்டே வரும். குழாயின் பருமனைத் தீர்மானிப்பது அவர் இழுக்கும் வேகம்தான்.

14 பிப்ரவரி

எதிர்பார்த்தபடியே ராஜேந்திர சோழன் வந்துவிட்டார்: இந்த மணிகள் இங்கே வந்தது அவரால்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கடாரப் (கெடா) படையெடுப்பு 1025ல். இந்த மணிகள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வந்து போய்க்கொண்டிருந்தன. வணிகரும் கைவினைஞரும் செய்த காரியத்துக்கு அரசர் எப்படி நன்றி பெறுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இதைத் தனி இழையில் பேசிக்கொள்ளுங்கள், இங்கே உலை ஆறுகிறது.

18 பிப்ரவரி

தம்பியின் புதிய கேள்வி: உலை வேண்டாம் என்றால் வீட்டில் என்னதான் செய்யலாம்? மணி செய்யலாம். சுடர் முன் உட்கார்ந்து, கண்ணாடிக் குச்சியின் நுனியை உருக்கி, களிமண் கலவை பூசிய எஃகுக் கம்பியில் சுற்றி எடுப்பது. பூச்சு இல்லாவிட்டால் மணி கம்பியை விட்டு வராது. இதற்கும் அதே சுழற்றல், அதே பதம், ஆனால் எல்லாமே விரல் நுனியில், உட்கார்ந்த இடத்தில். ஊதுவதைவிட இது சிறிய கலை என்று நான் முன்பு நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. பட்டறை உலையின் முன் பயிற்றுநர் என்னைக் காப்பாற்றினார், சுடரின் முன் என்னைக் காப்பாற்ற யாரும் இல்லை, ஆகவே கற்றுக்கொண்டது அங்கேதான் அதிகம்.

நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து சாக்கடைக்குள் இறங்கித் தேங்கும், ஆகவே கலனை வீட்டுக்கு வெளியே வையுங்கள். அடுப்புக்கான ரெகுலேட்டர் குறைந்த அழுத்தத்துக்கானது. சுடரைத் தரும் டார்ச்சுக்கு எது தேவை என்பதை விற்பவரிடம் கேட்டு, அதற்குரியதையே பொருத்துங்கள். ஆக்சிஜனும் சேர்த்து எரிக்கும் டார்ச் என்றால், அந்த ஆக்சிஜன் கலனின் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய், கிரீஸ் எதுவும் படவே கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். ஆலையில் வேலை முடிந்து வந்த கையோடு, இறுகிப்போன வால்வுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுகிற பழக்கம் இங்கே எத்தனை பேருக்கு உண்டு என்று எனக்குத் தெரியும்.

செய்த மணியைச் சூடு தாங்கும் கம்பளத்துக்குள் செருகினால் போதும் என்று சொல்லுவார்கள். அது ஆறுவதைத் தாமதப்படுத்தும், உள்ளே சிக்கிய இழுவிசையைத் தளர்த்தாது. தளர்த்த, மறுபடி 500 டிகிரி அளவில் வைத்து இறக்க வேண்டும். தொழிலாகச் செய்ய நினைத்தால், டார்ச்சைவிட முதலில் வாங்க வேண்டியது சிறு மின்சூளை.

3 மார்ச்

தம்பி பட்டறைக்குப் போய்விட்டு வந்து எழுதியிருப்பதை எல்லோரும் படித்திருப்பீர்கள். மாலையில் கையில் கொடுத்த குவளை, மேசைமேல் சும்மா இருந்தபோதே இரவில் "டக்" என்ற ஓசையோடு அடியிலிருந்து வாய்வரை விரிந்துவிட்டதாம். கோபப்படுவது நியாயம். கொடுத்தவரிடம் ஆற்றும் நேரத்தைக் கேட்டதற்கு, "சின்னக் குவளைக்கு அவ்வளவு தேவையில்லை" என்று பதில் வந்ததாக எழுதியிருக்கிறார். குவளை சின்னதுதான். படத்தில் பார்த்தால், அடி ஒரு விரல் தடிப்பு, வாய் தாள்போல மெலிவு. இப்படி ஏற்றத்தாழ்வு உள்ள பொருளுக்கு, தடித்த இடத்தைக் கணக்கில் வைத்துத்தான் ஆற்ற வேண்டும். மெலிந்த இடம் ஆறியதைப் பார்த்து வெளியே எடுத்திருக்கிறார்கள்.

அங்கே செய்த இன்னொரு பொருள், காகிதம் அழுத்தும் குண்டு, இன்னும் முழுதாக இருக்கிறது என்கிறார். அது தப்புமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கணினித் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். சாதாரண எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே முனைவாக்கப்பட்டது, அதாவது ஒரே திசையில் அதிர்வது. வெயிலுக்கு அணியும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கண்ணுக்கு முன் பிடித்து, திரை இருண்டுபோகும் கோணம்வரை திருப்புங்கள். இப்போது குண்டைத் திரைக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் நடுவில் கொண்டுவாருங்கள். நன்றாக ஆற்றிய கண்ணாடி என்றால் அதுவும் இருட்டாகவே தெரியும். உள்ளே இழுவிசை இருந்தால் வெளிச்சத் திட்டுகள் தெரியும், கடுமையாக இருந்தால் வானவில் நிறங்கள்கூட ஓடும்.

3 மார்ச், இரவு

குண்டில் வெளிச்சம் தெரிகிறது என்று தம்பி படம் போட்டிருக்கிறார். நடுவில் சிலுவைபோல இருட்டும் சுற்றிலும் வெளிச்சமும். அதைக் கையில் வைத்து உருட்டாதீர்கள், மேசையிலும் வேண்டாம். தடித்த துணியில் சுற்றி ஒரு டின்னுக்குள் போட்டு வையுங்கள். சூளை வைத்திருக்கும் யாராவது மறுபடி ஆற்றித் தர முடியும், ஆனால் அறைச் சூட்டிலிருந்து தொடங்கி மிக மெதுவாக ஏற்ற வேண்டும், நேராக 500க்குத் தள்ளினால் ஏறும்போதே வெடிக்கும். சுங்கை பட்டாணியில் மட்பாண்டச் சூளை வைத்திருக்கும் யாரையாவது தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். சூளையில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.